கதவு வைக்க மறந்த அணை

வாயில் ஸ்பேனரைக் கவ்விக்கொண்டு என் வீட்டுக்காரர் மறுபடியும் தண்ணீருக்குள் முங்கினார்.

மண்கரையின் மேல் நாங்கள் ஒரு கூட்டமாக மழையில் நின்றுகொண்டிருந்தோம். குடை பிடித்தும் பிரயோஜனமில்லாத மழை. காலை நேரம்தான், ஆனால் விளக்கு வைக்கிற வேளை மாதிரி இருட்டிக் கிடந்தது. அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனையை ஏழுமலை பிடித்திருந்தார். கரைக்குக் கீழே இருந்த பள்ளத்தெருவில் முதல் வீடு ஏழுமலையுடையது. அந்த வீட்டுக்குள் அவர் மனைவி மல்லிகா நிறைமாத வயிற்றோடு இருந்தாள்.

என் வீட்டுக்காரர் மேலே வந்தார். மூச்சு வாங்கியது. கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை நிறைய நட்டுகள்.

"எல்லா நட்டையும் கழட்டிட்டேன் ஏழுமலை. கதவு வரமாட்டேங்குது. தண்ணி அமுக்கிப் பிடிச்சிருக்கு."

"இன்னா அண்ணாத்தே சொல்றீங்க? நீங்க மாட்ன கதவாச்சே!"

ஏழுமலை அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. அழப்போகிற குரலில் கேட்டார். தண்ணீர் கரை உச்சிக்கு ஒரு முழம் கீழே நின்றது. மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. மண்கரைக்கு மேலே தண்ணீர் வழிய ஆரம்பித்தால் கரை அரித்துக்கொண்டு போய்விடும். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய குழாயடிச் சண்டையைப் பாதியில் விட்டிருந்தேன். அது எங்கேயும் ஓடிப்போய்விடாது, இருக்கட்டும். இரண்டு நாளாக இங்கே மழை. மழைச் சத்தம் கேட்டால் எனக்கு அந்தக் கரைதான் முதலில் ஞாபகம் வரும். எண்பதுகளின் நடுவில் எப்போதோ நடந்தது. வருஷம் கேட்காதீர்கள், என் கல்யாண வருஷத்தையே இவரிடம் கேட்டுத்தான் சொல்வேன்.

சொட்டு விடாத மனிதர்

நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். ஆற்றில் இறங்கினால் அம்மா கம்பை எடுத்துக்கொண்டு வந்தால்தான் கரையேறுவேன். இவருக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி அங்கே போன முதல் நாள், குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த என்னை மாமியார் மேலும் கீழும் பார்த்தார்கள்.

"ஏத்தா, எத்தனை சொம்பு ஊத்துன?"

எண்ணிக்கொண்டா குளிப்பார்கள்! அந்த வீட்டில் எண்ணித்தான் குளித்தார்கள். குளித்த தண்ணீர் முருங்கைக்குப் போகவேண்டும், அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு. நான் ஊற்றிய ஊற்றில் அன்றைக்கு முருங்கைக்கே ஜலதோஷம் பிடித்திருக்கும்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த மனிதருக்கு ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. குவார்ட்டர்ஸில் கடைசி வரிசையில் எங்களுக்கு வீடு. குழாயில் தண்ணீர் வந்தாலும் இவர் அரை டம்ளரில்தான் சவரம் செய்வார். விருந்தாளி டம்ளரில் பாதி வைத்துவிட்டு எழுந்தால், "குடிச்சிருங்க, குடிச்சிருங்க, மிச்சம் வைக்காதீங்க" என்று நிற்பார். எனக்கு மானம் போகும். ஒழுகுகிற குழாய்ச் சத்தம் கேட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய் வாஷர் மாற்றுவார். அடுத்த வீட்டுக் குழாயாக இருந்தாலும் சரி.

"இந்த அக்கறையில கால்வாசி எம்மேல இருந்தா நான் என்னைக்கோ தங்கத்துல குளிச்சிருப்பேன்" என்பேன். "தங்கத்துல எப்படிப் பேச்சி குளிக்க முடியும்?" என்று கேட்பார். வெகுளியாகத்தான் கேட்பார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வரும்.

பள்ளத்தெரு

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் முள்வேலி. அதைத் தாண்டினால் ஓர் ஓடை. மழைக்காலத்தில் மட்டும் ஓடி, திருவேற்காட்டுப் பக்கம் போய் ஆற்றில் சேரும். ஓடைக்குக் குறுக்கே ஒரு மண்கரை போட்டிருந்தார்கள். கரைக்கு மேற்புறம் வெறும் பள்ளம். ஆடு மேயும், பிள்ளைகள் பந்தடிப்பார்கள். கரைக்குக் கீழ்ப்புறம் பள்ளத்தெரு. ஒரு காலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பங்கள். நான் போனபோது பெரியவர்கள் மட்டும் களையெடுக்கப் போனார்கள், மற்றவர்கள் அம்பத்தூர்ப் பட்டறைகளுக்கு சைக்கிள் மிதித்தார்கள். ஏழுமலைக்கு வார்ப்படப் பட்டறையில் வேலை.

மல்லிகா எனக்குக் கீரைக்காரியாகத்தான் பழக்கம். முதல் நாளே கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன இது, பாதி புல்லா இருக்கு?" என்றேன்.

"புல்லுக்குத் தனியா காசு கேக்கலியே பேச்சிக்கா, சும்மா குடுத்தேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் எனக்கு வேண்டியவள் ஆகிவிட்டாள்.

கரை ஏன் வந்தது என்று அவள்தான் சொன்னாள். முன்னொரு வருஷம் ஓடையில் வெள்ளம் வந்து பள்ளத்தெருவையே வாரிக்கொண்டு போயிருக்கிறது. அதற்கப்புறம் அரசாங்கத்தில் இந்தக் கரையைக் கட்டினார்கள். அடியில் பெரிய அண்டா வாய் அகலத்துக்கு ஒரு சிமென்ட் குழாய். அது எப்போதும் திறந்தே கிடக்கும். கரையின் ஒரு கோடியில், எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கமாக, இறுகிய சரளைக்கல் தரையில் கொஞ்சம் தாழ்ந்த அகலமான ஒரு வாய். அதைக் கலங்கல் என்பார்கள், நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம். அவ்வளவுதான் அணை.

மழை பெய்தால் தண்ணீர் வந்து கரையில் முட்டும். குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும். ஓரிரு நாளில் பள்ளம் மறுபடி காய்ந்துவிடும்.

இதைத்தான் என் வீட்டுக்காரரால் பார்க்க முடியவில்லை.

காயலான் கடைக் கதவு

ஒரு கோடை மழை. சாயங்காலம் இவர் கரைமேல் நின்று குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காப்பி ஆறிவிடும் என்று கூப்பிடப் போனேன். முகம் துக்க வீட்டுக்குப் போனவர் மாதிரி இருந்தது.

"பாத்தியா பேச்சி? எங்க ஊர்ல இதுக்குக் கோயில் கட்டியிருப்பாங்க."

"எதுக்கு?"

"இந்தத் தண்ணிக்கு. அயனம்பாக்கம் ஏரிக்குப் போய்ப் பாரு, மதகு இருக்கு, மதகுக்குக் கதவு இருக்கு. இதுக்குக் கதவே வைக்கல. கான்ட்ராக்டர் கதவைத் தின்னுட்டான்."

அடுத்த வீட்டு மாரியப்பன் அண்ணனுக்குக் கோவில்பட்டிப் பக்கம். அதுவும் தண்ணீர் கண்ட பூமி இல்லை. அவர் வெல்டர். "கருப்பையா, கலங்கலையும் பாதியில விட்டுட்டுப் போயிட்டான். கரை பூரா ஒரே மட்டத்துல வரணும்ல" என்றார் இவரிடம். இரண்டு பேரும் வயிறெரிந்து பேசினார்கள். நான் காப்பியை நானே குடித்துவிட்டேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் காயலான் கடையில் கிடந்த ஒரு தடித்த இரும்புத் தகட்டை வாங்கி வட்டமாக வெட்டினார்கள். லாரி டியூபை வெட்டி ஓரத்துக்கு ரப்பர் வைத்தார்கள். குழாய் வாயைச் சுற்றி சிமென்டில் போல்ட்டுகளைப் பதித்துத் தகட்டை மாட்டி முடுக்கினார்கள். தண்ணீர் வரும் பக்கத்தில் மாட்டினார்கள், அப்போதுதான் தண்ணீரே அழுத்தி ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுமாம். இவர் அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. நல்ல வேலைக்காரர்கள்தான், அதில் சந்தேகம் இல்லை. மழை வந்தபோது ஒரு சொட்டு ஒழுகவில்லை.

புரட்டாசி வாக்கில் கலங்கல் வாயிலும் மண் மூட்டைகளை அடுக்கிக் கரை மட்டத்துக்கு உயர்த்தினார்கள். அரசாங்கம் மறந்ததை எல்லாம் நம் ஆட்கள் முடித்துக்கொடுத்தாகிவிட்டது.

முழங்கால் ஆழத்தில் ஆடிப்பெருக்கு

அந்த வருஷத்துச் சந்தோஷத்தைச் சொல்லாமல் போனால் பாவம்.

ஆடி மாதமே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. எங்கள் வரிசையில் திருவையாற்றுக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. ஆடிப் பதினெட்டன்று அந்த அம்மா காதோலை கருகமணி, மஞ்சள், பூ எல்லாம் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பின்னாலேயே மொத்தக் குவார்ட்டர்ஸும். எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், தேங்காய்ச் சாதம். பள்ளத்தெருப் பெண்கள் கரைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். "இந்தக் குட்டைக்கா இம்மாம் பூசை?" என்று மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போது அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. புளிச் சாதத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

நானும் சிரித்துக்கொண்டுதான் தண்ணீரில் இறங்கினேன். கணுக்காலைத் தாண்டித் தண்ணீர் ஏறியதும் என்னவோ ஆகிவிட்டது. எங்கள் ஊர்ப் படித்துறை, அம்மாவின் கம்பு எல்லாம் வந்துவிட்டது. அங்கேயே நின்று அழுதேன். இவர் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். இந்த மனிதர் எனக்கு ஓர் ஆறு செய்து கொடுத்திருக்கிறார் என்று அன்றைக்குத் தோன்றியது. நாங்கள் சண்டை போடாமல் இருந்த நாள்களில் அது ஒன்று.

பிறகு கெளுத்தி வந்தது, விரால் வந்தது. கொக்கு வந்தது. குவார்ட்டர்ஸ் கிணற்றில் தண்ணீர் ஏறியது. பள்ளத்தெருவில் ராத்திரிக்கு மீன்குழம்பு மணத்தது. ஏழுமலை இவரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி வணக்கம் வைத்தார். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

கார்த்திகை பிறந்ததும் புயல் மழை பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே நிறைந்திருந்த பள்ளத்துக்குள் மேலும் வெள்ளம் வந்தது. அப்போதுதான் எங்கள் ஆட்களுக்குப் புரிந்தது. அந்த அணையின் வேலையே காலியாக இருப்பதுதான். பெருவெள்ளம் வருகிற அன்றைக்கு அதைப் பிடித்து நிறுத்த வெற்றிடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நாங்கள் நிரப்பி வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தோம்.

மண் மூட்டைகள்

கரைமேல் இவர் நட்டுகளை வைத்துக்கொண்டு நின்றாரே, அங்கே வருகிறேன்.

மறுபடி இறங்கப் போனவரை ஏழுமலை கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார். "வேணாம் அண்ணாத்தே. கதவு பட்டுனு தொறந்துகிச்சுன்னா உங்களையும் சேத்து உள்ள இஸ்துகினு பூடும்."

"கரை கட்டும்போதே கவர்மென்ட் ஆளுங்க சொன்னாங்க, ஓட்டைய அடைக்காதீங்கன்னு" என்றார் பள்ளத்தெருக்காரர் ஒருவர்.

"அப்பவே ஏன்யா சொல்லல?" என்று மாரியப்பன் அண்ணன் பாய்ந்தார்.

"மீன் கெடச்சிது. நாங்களும் வாய மூடிகினோம்" என்றார் ஏழுமலை. அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இவர் திரும்பிக் கலங்கலைப் பார்த்தார். அங்கே அடுக்கிய மூட்டைகளை எடுத்துவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கம் வழியும். சரளைக்கல் தரை, அரிக்காது. கரை பிழைத்துக்கொள்ளும், பள்ளத்தெருவும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கலங்கல் தண்ணீர் போகிற பழைய வாய்க்காலில் நாங்கள் அவரைக்கொடிப் பந்தல் போட்டிருந்தோம், கோழிக்கூடு வைத்திருந்தோம், வேலி கட்டியிருந்தோம். வாய்க்காலே இல்லை. தண்ணீர் நேரே எங்கள் கடைசி வரிசைக்குள்தான் வரும்.

"மூட்டையை எடுத்துருவோம்" என்றார் இவர்.

மாரியப்பன் அண்ணன் குறுக்கே போய் நின்றார். "கருப்பையா, கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? நம்ம வீட்டுக்குள்ள நம்மளே தண்ணிய விடுறதா? தீபாவளிக்குத்தான் டிவி வாங்கியிருக்கேன். மழை இப்ப விட்டுரும். கொஞ்சம் பொறு."

"விடலைன்னா?"

மாரியப்பன் அண்ணன் மூட்டைகளுக்கு முன்னால் கையை விரித்து நின்றார். இவருக்கு நாலு பேர் முன்னால் அதற்குமேல் பேச்சு வராது. ஏழுமலை யாரையும் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்களிடம் கேட்கக்கூட அவருக்கு வாய் வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, தள்ளுங்க" என்றேன். "நம்ம வீட்டுல தண்ணி வந்தா கட்டில்மேல ஏறிக்கிடலாம். டிவியைப் பரண்ல ஏத்திக்கிடலாம். இந்தக் கரை போச்சுன்னா அவங்க எதுமேல ஏறுவாங்க? கதவை மாட்டுனது நீங்கதான, அவங்களா?"

சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கலங்கலுக்குப் போய் ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தேன். நனைந்த மண் மூட்டை, மலையை அசைக்கிற மாதிரி இருந்தது. அசையவில்லை. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இவர் வந்து மறுமுனையைப் பிடித்தார். பிறகு ஏழுமலை. பிறகு பள்ளத்தெரு ஆட்கள்.

"இருங்கடா, டிவியை ஏத்திட்டு வாரேன்!" என்று கத்திக்கொண்டே மாரியப்பன் அண்ணன் வீட்டுக்கு ஓடினார். சொன்ன மாதிரியே திரும்பி வந்தார். அவர் தூக்கிய மூட்டைகள்தான் அதிகம்.

கட்டில்மேல்

நான் நேரே பள்ளத்தெருவுக்கு ஓடினேன். மற்ற பெண்களும் பிள்ளைகளும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மல்லிகாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. "ஊட்டை உட்டு வரமாட்டேங்க்கா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டி, கெஞ்சி, கைத்தாங்கலாக எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்தேன்.

அடுப்பைப் பற்றவைத்துச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பதற்குள் வாசலில் தண்ணீர் ஏறிவிட்டது. முதலில் கோலம் போட்ட இடம் முழுகியது. பிறகு நிலைப்படி. பிறகு என் செருப்பு மிதந்து உள்ளே வந்தது.

மல்லிகா டம்ளரைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். "இன்னாக்கா, தண்ணி வராத எடம்னு சொல்லி இட்டாந்தீங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவரைக்காய்கள் கொத்தாக மிதந்து வந்தன. என் கல்யாணப் பெட்டி நனைந்தது, அரிசி நனைந்தது. எனக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் மல்லிகாவின் கை என் கையில் இருந்தது. சூடாக இருந்தது.

மழை விட்டது மறுநாள் காலையில்தான். கரை நின்றது. பள்ளத்தெருவில் ஒரு சுவர்கூட விழவில்லை. தண்ணீர் இறங்கியதும் எங்கள் வரிசை வீடுகளில் சேற்றை வாரப் பள்ளத்தெருவே வந்தது. மாரியப்பன் அண்ணன் வீட்டுச் சேற்றை வாரும்போது ஏழுமலை, "மாமே, அந்தப் பொட்டியப் போட்டு உடேன், பாத்துகினே வாரலாம்" என்றார். மாரியப்பன் அண்ணன் உண்மையிலேயே பரணிலிருந்து டிவியை இறக்கினார்.

மல்லிகாவுக்குப் பெண் பிறந்தது. எங்கள் கட்டிலில் இல்லை, ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில். கதையில் வருகிற மாதிரி எல்லாம் வாழ்க்கையில் நடந்துவிடாது.

ஓடுது

மார்கழியில் டீசல் பம்பு ஒன்றை இரவல் வாங்கிவந்து தண்ணீரை இறைத்தார்கள். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்ததும் இவர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கதவு பெயர்ந்தது. மிச்சத் தண்ணீர் எல்லாம் போய் முடியும்வரை இவர் அங்கேயே நின்றார். சேற்றில் சின்ன மீன்கள் துள்ளின. வீட்டுக்கு வந்து அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

தகட்டை எங்கள் வாசல் சாக்கடைமேல் போட்டார். அதை மிதித்துத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். எடைக்குப் போடச் சொன்னேன், கேட்கவில்லை. கலங்கல் வாய்க்காலில் இருந்த அவரைப் பந்தலையும் வேலியையும் எல்லாருமாகப் பிரித்தோம்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் குவார்ட்டர்ஸில் இருந்த வருஷங்களில், மழை பெய்தால் இவர் ஷிப்ட் முடிந்து நேரே வீட்டுக்கு வரமாட்டார். கரையில் சைக்கிளைப் போட்டுவிட்டு, ஒரு கொக்கிக் கம்பியால் குழாய் வாயில் சேர்ந்த முள், கந்தல், காகிதம் எல்லாவற்றையும் இழுத்துப் போடுவார். பிறகு மல்லிகா வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"ஓடுது."

அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் பாய் விரிப்பாள். அவள் மகள் பேச ஆரம்பித்ததும், இவர் சைக்கிள் மணி கேட்டாலே அதுவும் "ஓடுது, ஓடுது" என்று கத்தும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஊர் மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் நல்ல மழை. நானும் இவரோடு கரைக்குப் போனேன். குழாய் முழுக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இவர் குப்பையை இழுத்துப் போட்டு முடித்தும் நகரவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கோடை மழையன்று காப்பி ஆற விட்டு நின்ற அதே முகம்தான்.

மல்லிகா வாசலுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். இவர் அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். சொம்பைக் கவிழ்த்து ஒரு தரம் உதறிப் பார்த்தார்.

"இன்னும் எம்மாம் தண்ணி போவுது பாருங்கண்ணா" என்றாள் அவள், கரைப் பக்கம் கையைக் காட்டி.

"போகட்டும் மல்லிகா" என்றார் இவர். "நீங்க தூங்குங்க."

தண்ணீரைப் பார்த்துப் போகட்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். திரும்பி நடக்கும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.